பூட்டாத கதவு

"சாவி என் கையில இருக்கும்மா. கார் இன்னும் ஓடுது."

ஒரு புதன்கிழமை இரவு அப்பா தொலைபேசியில் சொன்ன முதல் வாக்கியம் இது. நான் அப்போது கோலாலம்பூரில், வேலை முடிந்து, நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ காரைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துப் பதறினேன். அப்படி இல்லை. கார் ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. இன்ஜின்தான் நிற்கவில்லை. அப்பா சாவியைத் திருப்பி, உருவி, கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். இன்ஜின் தன் பாட்டுக்கு டகடகவென்று ஓடுகிறது.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது கார் மீது அல்ல. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அப்பா மீதுதான். அவருக்கு வயது 71. அதற்கு முந்தைய மாதம்தான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போனார் என்று அம்மா சொல்லியிருந்தார். சாவியை எடுத்த பிறகும் ஒரு கார் ஓடும் என்று யாராவது நம்புவார்களா? "அப்பா, நீங்க கொஞ்சம் உள்ள போய் உட்காருங்க" என்றேன், ஒரு நோயாளியிடம் பேசுவது போல.

அவர் உட்காரவில்லை. பானெட்டைத் திறந்து இன்ஜின் மேலிருக்கும் ஒரு சின்ன நெம்பை அழுத்தினார். அதில் ஸ்டாப் என்றே எழுதியிருக்கும். இன்ஜின் அடங்கியது. "சரி, வை. கதவுல எங்கேயோ காத்து போகுது" என்றார்.

கதவில் காற்றுப் போனால் இன்ஜின் ஏன் நிற்காது? அன்று இரவு தம்பியை அழைத்து ஒரு மணி நேரம் பேசினேன். காரைப் பற்றி அல்ல, அப்பாவைப் பற்றி. அந்தக் காரை எப்படியாவது விற்றுவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அந்தக் கார் 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி. பழைய கார் பிரியர்கள் 123 என்று சொல்வார்களே, அந்த ரகம். 1976 முதல் பத்து ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதற்குமாக ஏறக்குறைய 27 லட்சம் கார்கள் செய்து தள்ளியிருக்கிறார்கள். எங்களுடையது டீசல், 72 குதிரைச்சக்தி, நான்கு கியர். ஏற்றத்தில் லோரிகள்கூட எங்களை முந்தும். அப்பா இதை 1996இல் நான்காவது கையாக வாங்கினார். அப்போது அவர் ஒரு கோல்ஃப் கிளப்பின் பட்டறையில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். 22 ஆண்டுகள் அங்கேதான். பென்ஸ் வாங்கிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் வயிறெரிந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது, அதே விலைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள்தான் கிடைத்திருக்கும்.

அந்த வார இறுதியில் நான் கணவரையும் மூன்றரை வயது மகனையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். மனசில் விற்பனைப் பேச்சு இருந்தது. அப்பா என்னிடம் ஒரு ஸ்ட்ராவைக் கொடுத்தார்.

"இதுல பண்டுங் தண்ணி குடி" என்றார். குடித்தேன். பிறகு ஸ்ட்ராவின் நடுவில் ஓர் ஊசித் துளை போட்டுக் கொடுத்தார். உறிஞ்ச உறிஞ்சப் பாதி தண்ணீர், பாதி காற்று. இன்னொரு துளை போட்டார். தண்ணீர் ஏறவே இல்லை.

"இதான் நம்ம கார்" என்றார்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் காலத்துக் காரில் கதவைப் பூட்டுவது மின்சார மோட்டார். அந்தக் காலத்து இந்தக் காரில் பூட்டுவது வெற்றிடம், அப்பா பாஷையில் வேக்கம். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சும் சக்திதான் பிரேக் மிதிக்குத் துணை செய்கிறது. அதே சக்தி மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் வழியாகக் கம்பளத்துக்கு அடியில் ஓடி, ஒவ்வொரு கதவுக்குள்ளும் இருக்கும் ஒரு ரப்பர் சவ்வை இழுக்கிறது. சவ்வு ஒரு பக்கம் இழுபட்டால் பூட்டுக் குமிழ் கீழே இறங்கும். மறுபக்கம் இழுபட்டால் மேலே ஏறும். ஓட்டுநர் கதவில் நாம் பூட்டினால் மற்ற கதவுகள், பின்னால் சாமான் பெட்டி, எண்ணெய் ஊற்றும் மூடி எல்லாம் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாத நேரத்துக்கென்று கொஞ்சம் வெற்றிடத்தைச் சேர்த்து வைக்க ஒரு சின்னத் தொட்டியும் உண்டு.

இன்ஜினை நிறுத்துவதும் அதே வெற்றிடம்தான். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறியை நிறுத்தினால் போதும். டீசலில் தீப்பொறியே கிடையாது. டீசல் போவதை நிறுத்தினால்தான் நிற்கும். சாவியைத் திருப்பியதும் ஒரு குழாய் திறந்து, வெற்றிடம் போய் டீசல் பம்பின் நெம்பை இழுத்து மூடும். கதவில் ஒரு சவ்வு கிழிந்தால் எல்லோருக்குமான வெற்றிடம் அந்த வழியாகப் போய்விடும். இழுக்க ஆள் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆக, அப்பாவுக்கு மறதியும் இல்லை, மயக்கமும் இல்லை. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது; கேட்கவில்லை. விற்பனைப் பேச்சையும் எடுக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலை 11 மணி. எந்தக் கதவில் ஓட்டை என்று பார்க்க அப்பா காரை வெளியில் நிறுத்தினார். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டயருக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார். பானெட்டைத் திறந்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். இன்ஜின் ஓடினால்தான் பம்ப் உறிஞ்சும், பம்ப் உறிஞ்சினால்தான் பூட்டு வேலை செய்யும். அதுவரை எல்லாம் சரிதான்.

என் மகனுக்குத் தாத்தாவின் கார் என்றால் உயிர். ஓட்டுநர் இருக்கையில் ஏறி நின்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "போம் போம்" என்றான். டீசல் புகை அவன் மூக்கில் ஏறுமே என்று நான்தான் கதவைச் சாத்தினேன். இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. முந்தின இரவு மழை பெய்ததால் நான்கு கண்ணாடிகளும் ஏற்றியே இருந்தன. சாவி காரில் இருந்தது. என் தொலைபேசி ஒலித்தது, அலுவலகத்திலிருந்து. சனிக்கிழமை என்றாலும் கணக்குத் தணிக்கை வேலையில் அதெல்லாம் பார்க்க முடியாது. நான்கு அடி தள்ளிப்போய்ப் பேசினேன்.

டப் என்று ஒரு சத்தம். திரும்பினால், மகன் கதவின் மேலிருக்கும் குமிழை அழுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் அழுத்தியது ஒன்றைத்தான். காரின் வேலையே ஒன்றை அழுத்தினால் எல்லாவற்றையும் பூட்டுவதுதானே? அது தன் வேலையைச் செய்தது.

"மேல தூக்குடா ராஜா, மேல தூக்கு." அவன் தூக்கவில்லை. குமிழ் முழுதாக இறங்கிவிட்டால் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். மூன்றரை வயது விரலுக்கு அது பிடிபடவில்லை. முதலில் விளையாட்டு என்று சிரித்தான். பிறகு நாங்கள் கண்ணாடியைத் தட்டிய வேகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே கியர் கம்பியைப் பிடித்து ஆட்டினான்.

அப்பா ஓடிப்போய் ஸ்டாப் நெம்பை அழுத்தி இன்ஜினை அடக்கினார். அன்று அவர் செய்த முதல் நல்ல காரியம் அது. பானெட் திறந்திருந்ததால் செய்ய முடிந்தது.

"இன்னொரு சாவி எங்கப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார். "அதைத்தான் போன வருஷம் பத்திரமா இருக்கட்டும்னு ஸ்பேனர் பெட்டியில போட்டாரு." ஸ்பேனர் பெட்டி எங்கே? காரின் பின்னால், சாமான் பெட்டிக்குள். அதுவும் பூட்டிக்கொண்டிருந்தது.

ஈப்போ வெயில் உங்களுக்குத் தெரியும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடாகும். நாளிதழில் இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு, "என்ன பெற்றோர் இவர்கள்" என்று கேட்டவள்தான் நானும். மகனின் முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்ட ஆரம்பித்தது. என் கணவர் 999ஐ அழைத்தார். பக்கத்து வீட்டு சீன மாமா சுத்தியலோடு ஓடி வந்தார். குழந்தைக்கு மிகத் தள்ளியிருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும், முன்கண்ணாடியில் அடிக்கக் கூடாது, அது உடைந்தாலும் விழாது என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. அப்பா அப்படியே நின்றார். அவர் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அப்போது அம்மா கத்தினார். "ஏங்க, அந்தப் பின்கதவுதான் பூட்டாதே!"

இடது பக்கப் பின்கதவு. வாரச் சந்தைக்குப் போனால் அம்மா காய்கறிப் பைகளை வைக்கும் கதவு. ஒரு மாதமாக அது மட்டும் பூட்டவில்லை என்று ஒவ்வொரு சந்தைக்கும் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் உள்ளே குனிந்து கையால் குமிழை அழுத்த வேண்டியிருந்தது அவருக்கு. அம்மாவே ஓடிப்போய்ப் பிடியை இழுத்தார். திறந்தது.

எந்தப் பழுதைக் கண்டுபிடிக்கக் காரை வெளியில் எடுத்தோமோ, அந்தப் பழுது வழியாகத்தான் என் மகன் வெளியே வந்தான்.

என் கணவர் பொம்பாவை மறுபடி அழைத்து, குழந்தை வெளியே வந்துவிட்டான் என்று சொன்னார். பிறகு தொலைபேசியைப் பார்த்தபோது முதல் அழைப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. மகன் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி காரில் ஏறவேண்டும் என்று அடம் பிடித்தான்.

அப்பா அன்று மதியம் சாப்பிடவில்லை. நாங்கள் கோலாலம்பூர் திரும்பிய பிறகு மூன்று வாரம் அவர் காரைத் தொடவே இல்லை என்று அம்மா சொன்னார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லையாம். சந்தைக்கு கிராப் பிடித்துப் போகிறார்களாம். பிறகு ஒருநாள் அவரே அழைத்தார். "அந்தக் காரை வித்துடலாம்மா. தம்பிகிட்ட சொல்லு."

நாங்கள் எதிர்பார்த்திருந்த வார்த்தைதான். தம்பிக்குச் சொல்லியிருந்தால் அன்றே ஆள் பார்த்திருப்பான். ஆனால் அப்பாவின் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பதிலாக இணையத்தில் ஒரு கை வேக்கம் பம்ப் வாங்கினேன். துப்பாக்கி மாதிரி பிடி, மேலே ஒரு கடிகாரம் போன்ற அளவி, நீளமாக ஒரு ரப்பர் குழாய். எண்பது ரிங்கிட் சொச்சம். காரில் வேலை செய்பவர்கள் பலர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்ஜினை ஓட்டாமலே, காரைப் பூட்டாமலே, கையால் அழுத்தி வெற்றிடம் உண்டாக்கி ஒவ்வொரு குழாயாகச் சோதிக்கலாம். அன்று நாங்கள் செய்த தவறில் பாதி இந்தப் பம்ப் இல்லாததால் வந்தது. மீதிப் பாதி என்னால் வந்தது.

அடுத்த மாதம் பம்ப்போடு போனேன். அப்பா அதைக் கையில் வாங்கி இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளே போய் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் எழுதியதாம். காரைத் தொடவில்லையே தவிர, யோசிப்பதை நிறுத்தவில்லை.

தாளின் முதல் வரி: கண்ணாடி நான்கும் கீழே. இரண்டாவது வரி: பிள்ளை வீட்டில் இல்லாத நேரம். அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அதன்படி என் மகனைக் கணவர் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிகளை நானே ஒவ்வொன்றாகச் சுற்றி இறக்கினேன். சாமான் பெட்டி திறந்தே இருந்தது. இன்னொரு சாவி அம்மாவின் கைலி முடிச்சுக்கு வந்துவிட்டது. நான்கு கதவுகளும் அகலத் திறந்து கிடந்தன. கதவு திறந்திருந்தால் குமிழ் ஏறி இறங்குவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். அது எந்த நிலையில் மாட்டிக்கொண்டாலும் யாரும் உள்ளே அகப்படமாட்டார்கள்.

இன்ஜினை ஒரே ஒரு தடவைதான் ஓட்டினோம். அதுவும் திறந்த வெளியில். மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதித்தால் புகையே ஆளைக் கொன்றுவிடும். முதலில் அப்பா பிரேக் மிதியை மிதித்துப் பார்த்தார். வழக்கம்போல இதமாக இறங்கியது. பிரேக்குக்குப் போகும் வெற்றிடத்தைக் காக்கத் தனியே ஒரு வால்வு உண்டு. அதனால் கதவு ஓட்டையால் உடனே பிரேக் போய்விடாது. ஆனால் மிதி கல் மாதிரி ஆனால் காரை ஓர் அடிகூட நகர்த்தாதே, போர்மேனைக் கூப்பிடு என்றார். பிறகு இன்ஜின் பக்கத்தில் கதவுகளுக்குப் போகும் மஞ்சள் குழாயை உருவினார். சட்டைப் பையிலிருந்து ஒரு கோல்ஃப் டீயை எடுத்து, வெற்றிடம் வரும் முனையில் செருகினார்.

கோல்ஃப் பந்தை வைத்து அடிப்பார்களே, அந்த மரக் குச்சி. 22 வருடம் கிளப்பில் வேலை செய்தவர் வீட்டில் அதற்கா பஞ்சம்? ஒரு மைலோ டின் நிறைய இருக்கிறது. கூர்மையான முனை அந்தக் குழாய்க்கென்றே செய்தது போல இறுக்கமாக உட்கார்ந்தது.

"இப்ப சாவியைத் திருப்பு" என்றார். திருப்பினேன். இன்ஜின் அந்தக் கணமே நின்றது. இழுத்தடிப்பே இல்லை.

"பாத்தியா? இன்ஜின்ல குத்தம் இல்ல. கதவுலதான்." ஒரு மாதத்துக்கு முன்பு தொலைபேசியில் அவர் சொன்னது அதுதான். அதை நிரூபித்த மகிழ்ச்சியில் ஒரு கோப்பி ஓ கேட்டார்.

சாவியை உருவி அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். அதன்பிறகு எல்லாமே கைப் பம்ப்தான். மஞ்சள் குழாயில் மாட்டி அழுத்தினேன். முள் எட்டு அங்குலம் வரை ஏறியது, கையை நிறுத்தினால் சரசரவென்று இறங்கியது. பம்ப்பின் அளவியில் கணக்கு பாதரச அங்குலத்தில் இருக்கும். முழு வெற்றிடம் கிட்டத்தட்ட முப்பது. ஆரோக்கியமான டீசல் பம்ப் இருபதுக்கு மேல் தரும். நாங்கள் சோதிக்கப் பதினைந்து போதும் என்று வைத்துக்கொண்டோம்.

பக்கத்தில் கார் கழுவும் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரசர் இருந்தது. அதை வாங்கி ஊதிப் பார்த்தால் எங்கே சீறுகிறது என்று காதால் கேட்கலாமே என்று கேட்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். உறிஞ்சுவதற்காகச் செய்த சவ்வுக்குள் கம்ப்ரசர் காற்றை விட்டால், நன்றாக இருக்கும் மற்ற சவ்வுகளும் கிழிந்துவிடும். வாயால் உறிஞ்சிப் பார்ப்பதும் வேண்டாம் என்றார். இளமையில் அவர் அப்படித்தான் செய்வாராம். இன்ஜின் பக்கமிருந்து எண்ணெய் குழாய்க்குள் வந்திருந்தால் நேரே தொண்டைக்குப் போகும். "அந்த ருசி மூணு நாளைக்குப் போகாது."

கம்பளத்தைத் தூக்கினோம். நாற்பது வருஷத்துத் தூசி, ஒரு ஐந்து சென் நாணயம், நான் ஆறாம் வகுப்பில் தொலைத்த ஒரு கொண்டை ஊசி. அதற்கடியில் குழாய்கள் பிரியும் ரப்பர் சந்திப்புகள். ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு குழாய், பூட்ட ஒன்று, திறக்க ஒன்று. அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றித் தருவார், நான் பம்ப்பை மாட்டி அழுத்துவேன், அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார். அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அப்பா, "கை எடு" என்று சொன்னார். கதவுக்குள் இரும்புத் தண்டு நகரும்போது விரல் அங்கே இருக்கக் கூடாது.

இடது முன்கதவு: பதினைந்தில் முள் நின்றது, இரண்டு நிமிடம் அசையவில்லை. எண்ணெய் மூடி நல்லபடி. சாமான் பெட்டி கொஞ்சம் கசிந்தது. குழாய் சேரும் ரப்பர் முழங்கை காய்ந்து பிஸ்கட் மாதிரி இருந்தது, விரலால் அழுத்தியதும் உடைந்தது. அது பெரிய விஷயமில்லை, வேறொன்று மாட்டினால் போதும். வலது பின்கதவும் சரி.

பிறகு அம்மாவின் கதவு. திறக்கும் குழாயில் முள் நின்றது. பூட்டும் குழாயில் எத்தனை தடவை அழுத்தினாலும் முள் பூஜ்யத்தைவிட்டு எழவே இல்லை. வெறும் காற்றை உறிஞ்சுகிற சத்தம்.

"மூணு மாசமா சொன்னேன்" என்றார் அம்மா. ஒரு மாதம்தான். நாங்கள் திருத்தவில்லை.

கதவின் உள்பலகையைக் கழற்றி எடுத்த சவ்வுப் பெட்டி ஒரு சம்பல் தட்டு அளவுதான் இருந்தது. ரப்பர் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கிழிசல். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நாற்பது வருஷம் வெயிலில் நின்ற எந்த ரப்பரும் அப்படித்தான் ஆகும். மறுநாள் போத்தோங் கடைக்கு, அதாவது பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் கடைக்கு, பம்ப்பையும் எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முதல் இரண்டும் அங்கேயே தோற்றன. மூன்றாவதில் முள் நின்றது. முப்பத்தைந்து ரிங்கிட். பம்ப் இல்லாமல் போயிருந்தால் முதலாவதை வாங்கி வந்திருப்போம்.

இதே காலத்துக்குச் சற்றுப் பிந்திய 124, 190 வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றில் இன்ஜின் வெற்றிடம் இல்லை, மின்சாரப் பம்ப் ஒன்றே ஊதவும் செய்யும் உறிஞ்சவும் செய்யும். பூட்டிய பிறகு அந்தப் பம்ப் ஓரிரு நொடியில் நிற்காமல் அரை நிமிடம் வரை முனகினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் பம்ப்பே போய்விடும், அது விலை அதிகம்.

வேலை முடிந்து கை கழுவும்போது அப்பா என் காரைப் பார்த்தார். புது கார், சாவியே செருக வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். "உன் காருக்குள்ள சாவியை வெச்சிட்டுக் கதவைச் சாத்தினா பூட்டிக்குமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக அந்தக் காரில்தான் மகனைக் கூட்டிப் போகிறேன், கூட்டி வருகிறேன். சோதித்தோம், அதே முறையில். கண்ணாடியை இறக்கிவிட்டு, யாரும் உள்ளே இல்லாமல், சாவியை இருக்கையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, கைப்பிடிப் பொத்தானை அழுத்தினோம். பூட்டாமல் கத்தியது. நல்லது. ஆனால் உள்ளேயிருந்து குழந்தை பொத்தானை அழுத்தினால்? இறக்கிய கண்ணாடி வழியாகக் கையை விட்டு அழுத்திப் பார்த்தேன். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன, சாவி இருக்கையில் இருக்கும்போதே. என் வீட்டு இழுப்பறையில் இருக்கும் இன்னொரு சாவியில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அந்தச் சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், பேட்டரி செத்தாலும் அதைக்கொண்டு கதவைத் திறக்கலாம் என்பதை அன்று அப்பா நகத்தால் தள்ளி உருவிக் காட்டியபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

புது சவ்வை மாட்டுவதற்கு முன்னால் அப்பா சற்று நின்றார். கையில் அதை வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தார். "மாட்டணுமா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. மாட்டாவிட்டால் இன்ஜின் நிற்காது. குழாயைக் கோல்ஃப் டீயால் அடைத்துவிட்டு அந்தக் கதவை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், இன்ஜினும் நிற்கும், கதவும் பூட்டாது. அதையும் யோசித்திருக்கிறார். நானும் யோசித்தேன்.

அம்மாதான் சொன்னார். "மாட்டுங்க. எனக்கு இடுப்பு வலிக்குது."

மாட்டினார். மறுநாள் காலை இன்ஜினைத் தொடாமலே, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஓட்டுநர் கதவில் சாவியைப் போட்டுப் பூட்டித் திறந்து பார்த்தார். இரவு முழுக்கத் தொட்டியில் வெற்றிடம் நின்றிருந்தது. ஏழு தடவை நான்கு குமிழ்களும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. எட்டாவதில்தான் சோர்ந்தன. என் மகன் படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணினான், ஐந்துக்குப் பிறகு எட்டு என்று.

கார் இன்னும் விற்கப்படவில்லை. தம்பி கேட்டுக்கொண்டேதான் இருக்கிறான். கிழிந்த பழைய சவ்வு மைலோ டின்னில், கோல்ஃப் டீக்களோடு கிடக்கிறது. இப்போதெல்லாம் அப்பா எண்ணெய் ஊற்ற நின்றாலும் சரி, கோயில் வாசலில் என்னை இறக்கிவிட நின்றாலும் சரி, இறங்குவதற்கு முன் தன் பக்கக் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கிவிட்டுத்தான் இறங்குகிறார். மழை பெய்தாலும். இருக்கை நனைகிறது என்று அம்மா திட்டுகிறார்.